இல்லாத விண்கலத்துக்கு ஒரு கையேடு: கணக்கிலிருந்து அச்சு வரை

கற்பனை விண்கலத்துக்குத் தொழில்நுட்பக் கையேடு வரைய உட்காருகிறவர்களில் பாதிப் பேர் படத்தில் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வெளித்தோற்றம் அழகாக வந்துவிடும். உள்ளே அறைகளைப் போடத் தொடங்கியதும் கூரை இடிக்கும், எரிபொருள் தொட்டிக்கு இடம் இருக்காது, ஏணி சுவரில் போய் முட்டும். இதைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு: எண்கள் முதலில், கோடு பிறகு. கதைக்குத் தேவையான பொய்யை ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கணக்குப்படி வைக்க வேண்டும். வாசகர் அந்த ஒரு பொய்யை மன்னிப்பார். குறுக்குவெட்டில் இரண்டாம் தளத்தில் இருக்கும் வால்வு தளப்படத்தில் மூன்றாம் தளத்துக்குப் போயிருந்தால் மன்னிக்க மாட்டார்.

விளக்கத்துக்காக 'தோணி' என்றொரு சரக்குக் கலத்தை வைத்துக்கொள்வோம். நீளம் 180 மீட்டர், ஆட்கள் 6 பேர், பயணம் 200 நாள்.

ஆளிலிருந்து தொடங்குங்கள்

முதலில் வரைய வேண்டியது 1.7 மீட்டர் உயரமுள்ள ஒரு மனித உருவம். எல்லா அளவும் அதிலிருந்து பிறக்கும். தரைக்கும் கூரைக்கும் இடையே 2.4 மீட்டர், குழாயும் கம்பியும் ஓட 0.6 மீட்டர் என, ஒரு தளத்தின் மொத்த உயரம் 3 மீட்டர். நடைவழி 1.2 மீட்டர், கதவு 0.9 மீட்டர், படுக்கை 2 மீட்டருக்கு 0.8. எடையற்ற நிலையில் மிதந்து போகும் வழிக்கு, சர்வதேச விண்வெளி நிலையத்தின் சதுரக் கதவை அளவாகக் கொள்ளலாம். அதன் பக்கம் 1.27 மீட்டர். நீண்ட பயணம் என்றால் ஆளுக்கு 25 கன மீட்டருக்குக் குறையாமல் புழங்கும் இடம் கொடுங்கள். தோணியின் குடியிருப்பு 7 மீட்டர் விட்டமுள்ள உருளை. அதில் ஒரு தளம் ஏறக்குறைய 92 கன மீட்டர் தரும் என்பதால் ஐந்து தளம் தாராளம்.

உணவையும் காற்றையும் அப்படியே கணக்கிடலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆக்சிஜன் 0.84 கிலோ, குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் சுமார் 3.5 கிலோ, உறையோடு சேர்த்து உணவு 1.8 கிலோ. ஆறு பேருக்கு 200 நாள் என்றால் ஆக்சிஜன் 1 டன், தண்ணீர் 4.2 டன், உணவு 2.2 டன். மறுசுழற்சி வைத்தால் தண்ணீர் வெகுவாகக் குறையும். விண்வெளி நிலையத்தின் அமெரிக்கப் பகுதியில் 98 சதவீத மீட்பு 2023-இல் எட்டப்பட்டது. ஆனால் குறைத்த தண்ணீருக்கு ஈடாக மறுசுழற்சி இயந்திரத்தை வரைந்தாக வேண்டும். அதற்கு ஓர் அறை, வடிகட்டி மாற்ற ஒரு கதவு, அந்தக் கதவு திறக்க எதிரே இடம்.

தொட்டி எவ்வளவு பெரியது?

இங்கேதான் பெரும்பாலான கற்பனைக் கலங்கள் மாட்டிக்கொள்கின்றன. தோணிக்கு அணு வெப்ப எஞ்சின் என்று வைப்போம். அமெரிக்கா 1960-களில் தரையில் ஓட்டிச் சோதித்த நெர்வா வகை எஞ்சின் அது. ஹைட்ரஜனைச் சூடாக்கி நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும். ராக்கெட் சமன்பாட்டின்படி, கலமும் அதே 8 கிமீ வேக மாற்றத்தைப் பெற வேண்டுமானால் புறப்படும்போதுள்ள எடை, காலி எடையைப் போல் 2.718 மடங்கு இருக்க வேண்டும். சரக்கையும் சேர்த்துக் காலிக் கலம் 400 டன் என்றால் ஹைட்ரஜன் 687 டன்.

687 டன் என்று எழுதும்போது ஒன்றும் உறுத்தாது. ஆனால் நீர்ம ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான். ஆகவே 9,680 கன மீட்டர் தேவை. நான்கு கோளத் தொட்டிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் விட்டமும் 16.7 மீட்டர், அதாவது ஐந்து மாடிக் கட்டட உயரம். நான்கையும் வரிசையாக வைத்தால் 70 மீட்டர் போய்விடும். எஞ்சின் பக்கத்தில் இரண்டு பீப்பாய் வரைந்து 'எரிபொருள்' என்று எழுதும் வழக்கம் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு தானாக நின்றுவிடும்.

தோணியின் நீளம் இப்போது தானே பிரிந்துகொள்கிறது. மூக்கிலிருந்து குடியிருப்பு 20 மீட்டர், சரக்கு 35, தொட்டிகள் 70, ரேடியேட்டர் (வெப்பத்தை வெளியேற்றும் தகடு) தாங்கும் தண்டு 40, அணுஉலையும் எஞ்சினும் 15.

தளங்களின் திசையையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளினால் 'கீழே' என்பது எஞ்சின் இருக்கும் பக்கம். ஆகவே தளங்கள் கோபுரத்தின் மாடிகளைப் போல கலத்தின் நீள அச்சுக்குக் குறுக்காக அடுக்கியிருக்க வேண்டும். கடல் கப்பலைப் போல நீளவாக்கில் போட்டால் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஆட்கள் பின்சுவரில் கிடப்பார்கள். சுழற்சியால் ஈர்ப்பு தருவதாக இருந்தால், நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியின் ஈர்ப்பு கிடைக்க ஆரம் 224 மீட்டர் வேண்டும். 4 சுற்று என்றால் 56 மீட்டர். பத்து மீட்டர் ஆரத்தில் சிறு சக்கரம் வரைந்தால், நிற்பவரின் தலை உணரும் ஈர்ப்பு காலைவிட 17 சதவீதம் குறைவு. தலைசுற்றல் மாத்திரைக்கு மருத்துவ அறையில் ஓர் அலமாரி போடலாம்.

அந்த ஒரே ஒரு பொய்

சுழலும் சக்கரம் வேண்டாம், தரைக்கடியில் 'ஈர்ப்புத் தட்டு' இருக்கிறது என்று வைப்பதானால் அதுதான் தோணியின் பொய். ஸ்டார் டிரெக் தொலைக்காட்சிக் கதைகளில் ஆளை அணுவணுவாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கருவிக்கு ஹைசன்பெர்க் ஈடுசெய்வி என்றொரு பாகம் உண்டு. துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற இயற்பியல் தடையை மறைக்காமல், அதற்கே ஒரு பாகத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். எப்படி வேலை செய்கிறது என்று சொல்லவே இல்லை. பொய்யைக் கையாள இதைவிட நல்ல முறை இல்லை. பெயர் வையுங்கள், இடம் கொடுங்கள், எப்படி என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஐந்து கேள்விக்கு அது பதில் சொல்லியாக வேண்டும். எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எங்கே இருக்கிறது, அதன் எல்லை என்ன, கெட்டால் என்ன நடக்கும், யார் எப்படிச் சரிசெய்வார்? முதல் கேள்வியே கலத்தின் உருவத்தை மாற்றிவிடும். தோணியின் தட்டுகள் 8 மெகாவாட் இழுக்கின்றன என்று எழுதிவிட்டீர்கள் என்று கொள்வோம். அந்த 8 மெகாவாட்டும் கடைசியில் வெப்பமாகும். வெற்றிடத்தில் வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. அறை வெப்பநிலையான 300 கெல்வினில் ஒரு சதுர மீட்டர் தகடு, உமிழ்திறன் 0.9 என்று கொண்டால், இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 826 வாட்தான் உமிழும். ஆக 9,700 சதுர மீட்டர் ரேடியேட்டர். கால்பந்துத் திடலைவிடப் பெரிது.

தட்டுகள் தனிக் குழாய்ச் சுற்றில் 800 கெல்வினில் ஓடுகின்றன என்று மாற்றுங்கள். வெப்பநிலை நான்காம் அடுக்காகக் கணக்கில் வருவதால், அதே தகடு இப்போது ஒரு சதுர மீட்டருக்கு 41.8 கிலோவாட் உமிழும். 191 சதுர மீட்டர் போதும். ஆனால் ஆட்களின் காலுக்கடியில் 527 டிகிரி செல்சியஸ் ஓடுகிறது. காப்பு அடுக்கை மறக்காமல் வரையுங்கள். ஒரு பொய்யிலிருந்து ஒரு குழாய்ச் சுற்று, ஒரு காப்பு அடுக்கு, ஓர் எச்சரிக்கைப் பலகை பிறந்துவிட்டன. கையேட்டுக்குச் சரக்கு இப்படித்தான் சேர வேண்டும்.

அணுஉலையின் பங்கும் உண்டு. மொத்த மின்சாரம் 10 மெகாவாட், மின்னாக மாறும் திறன் 25 சதவீதம் என்றால் வீண் வெப்பம் 30 மெகாவாட்; அதற்கு 718 சதுர மீட்டர். இரண்டையும் கூட்டினால் 909. தோணியின் இரு ரேடியேட்டர்ச் சிறகுகள் ஒவ்வொன்றும் 38 மீட்டர் நீளம், சராசரி 12 மீட்டர் அகலம். 'சராசரி' என்றதற்குக் காரணம் இருக்கிறது. அணுஉலைக்கு முன்னால் நிற்கும் கதிர்வீச்சுக் கவசம் கூம்பு வடிவ நிழலைத்தான் தரும். சிறகு அந்த நிழலுக்குள் அடங்க வேண்டும் என்பதால் உலைப் பக்கம் 8 மீட்டராகக் குறுகி, முன்பக்கம் 16 மீட்டராக விரியும். சிறகு இரண்டோடு நிறுத்துங்கள். நான்கை 90 பாகையில் வைத்தால் ஒன்றையொன்று பார்த்து, உமிழ்ந்த வெப்பத்தின் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

ஆட்களும் மின்கருவிகளும் தரும் 50 கிலோவாட்டுக்குத் தனியாக 61 சதுர மீட்டர் குளிர் ரேடியேட்டர், குடியிருப்பை ஒட்டி. இரண்டையும் ஒரே சுற்றில் இணைத்து வரைவது மிகப் பரவலான பிழை. அடுத்தது வண்ணப் பிழை: 800 கெல்வினில் பொருள் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும், அவ்வளவுதான். வெள்ளையாக ஒளிரும் சிறகு வரைந்தால் கணக்கு வேறு, படம் வேறு. 1968-இல் வெளியான '2001' படத்தின் டிஸ்கவரி கலத்திலேயே ரேடியேட்டரை எடுத்துவிட்டார்கள். காற்றில்லாத இடத்தில் எதற்குச் சிறகு என்று பார்ப்பவர் கேட்பார் என்ற தயக்கம்தான். படத்துக்கு அது பொருந்தும். கையேட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒரு முழுப் பக்கம் இருக்கிறது.

திரையில் வந்த கலம் என்றால்

உங்கள் சொந்தக் கலம் இல்லாமல் திரையில் ஏற்கெனவே வந்த ஒன்றை ஆராய்கிறீர்களானால், சான்றுகளுக்கு ஒரு தரவரிசை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: திரையில் தெளிவாகத் தெரிவது, படப்பிடிப்பு மாதிரி, அரங்க வரைபடம், வசனம், மற்றவர்களின் ஊகம். முரண்பாடு வரும்போது மேலே இருப்பது வெல்லும். ஸ்டார் டிரெக்கின் முதல் தொடரில் வந்த என்டர்பிரைஸ் கலத்தின் பெரிய படப்பிடிப்பு மாதிரி 11 அடி, அதாவது சுமார் 3.4 மீட்டர்; கதையில் கலத்தின் நீளம் 947 அடி, 289 மீட்டர். அப்படியானால் மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் கலத்தில் 85 சென்டிமீட்டர். சன்னல் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரத்தை இந்த அளவில் பெருக்கிப் பாருங்கள். மூன்று மீட்டருக்குக் குறைந்தால் தள உயரத்தோடு சண்டை வரும். அதே தொடரின் சிறு ஓடமான கலிலியோவில் அரங்கத்துக்குள் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். வெளியே கட்டிய மாதிரியில் அந்த உயரம் கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் வெளியுருவைச் சற்றுப் பெரிதாக்கி, அப்படிச் செய்ததை ஒரு வரியில் ஒத்துக்கொள்வதே நேர்மை. உரிமை உள்ள கலத்தின் கையேட்டை விற்க அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வரைதல்

எண்கள் முடிந்ததும் முன் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம் மூன்றும். பிறகு குறுக்குவெட்டு. ஏ3 அளவில் விரியும் இரட்டைப் பக்கம் 420 மிமீ அகலம். 1:500 அளவுத்திட்டத்தில் தோணி 360 மிமீ, இரு ஓரமும் 30 மிமீ மிஞ்சும். அதில் ஆள் 3.4 மிமீ, ஒரு தளம் 6 மிமீ. படுக்கை, குழாய் இவையெல்லாம் இங்கே வெறும் அடையாளமாகத்தான் வரும். விவரத்துக்கு 1:100-இலும் 1:50-இலும் தனிப்படங்கள் போடுங்கள். நடு மடிப்பு எங்கே விழுகிறது என்று வரையும் முன்பே பாருங்கள். தோணியில் மூக்கிலிருந்து 90-ஆவது மீட்டரில், சரியாக இரண்டாம், மூன்றாம் தொட்டிகளுக்கு நடுவே விழுகிறது. அதிர்ஷ்டம்தான். கட்டுப்பாட்டு அறை மடிப்பில் மாட்டினால் கலத்தையே 20 மிமீ தள்ளி வையுங்கள்.

கோட்டுத் தடிமன் நான்குக்கு மேல் வேண்டாம். வெளிவிளிம்புக்கு 0.5 மிமீ, வெட்டு விளிம்புக்கு 0.35, உள்ளமைப்புக்கு 0.25, குழாய்க்கும் கம்பிக்கும் 0.13. வெட்டுப் பரப்புக்கு ஒரு தனி நிறம், சிவப்பு என்று வைத்தால் கலத்தில் வேறெங்கும் சிவப்பு வரக்கூடாது. வரைகிற வரிசை: முதுகுத்தண்டும் சட்டங்களும், தொட்டிகள், தளங்கள், பெரிய இயந்திரங்கள், குழாய்கள், ஆட்கள். கலத்தின் வெளித்தோல் கடைசியில்தான். அப்போதும் மூன்றில் ஒரு பங்குத் தோலையாவது விட்டுவையுங்கள், இல்லையென்றால் கலத்தின் உருவமே புரியாது. வெட்டு விளிம்பு சட்டங்களை ஒட்டிப் படிப்படியாகப் போகட்டும். கிழித்த காகிதம் போல் வளைந்து போனால் எது சுவர், எது வெட்டு என்று குழம்பும். ஐந்து மில்லிமீட்டர் அலுமினியத் தோல் 1:500-இல் 0.01 மிமீதான், அச்சில் விழாது. தடிமனாகத்தான் வரைய வேண்டும். 'தோலின் தடிமன் அளவுத்திட்டத்துக்கு உட்பட்டதல்ல' என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

சமவளவுத் தோற்றத்துக்கு (ஐசோமெட்ரிக்) பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாதிரி செய்தால், கேமராவைத் தொலைவால் அளவு சிறுக்காத ஆர்த்தோகிராஃபிக் முறைக்கு மாற்றி எக்ஸ் அச்சில் 54.736 பாகை, இசட் அச்சில் 45 பாகை திருப்புங்கள். கையால் வரைந்தால் 30 பாகைக் கட்டம் போதும். வட்டங்கள் நீள்வட்டமாகும், காம்பஸை எடுக்காதீர்கள். பூலியன் (ஒரு வடிவத்தால் இன்னொன்றை வெட்டும் கருவி) வைத்துத் தோலை வெட்டும்போது வெட்டு இடம் வெறுமையாகத் தெரிகிறதென்றால், தோல் தடிமனே இல்லாத பரப்பாக இருக்கிறது என்று பொருள். முதலில் பரப்புக்குத் தடிமன் தரும் சாலிடிஃபை கருவியைப் போட்டுப் பிறகு வெட்டுங்கள். அப்படியும் உடைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது இரண்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன.

பெயரும் எண்ணும்

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் ஒவ்வோர் அறைக்கும் நான்கு பகுதிக் குறியீடு உண்டு: தளம், சட்டம், மையக்கோட்டிலிருந்து எந்தப் பக்கம், என்ன பயன்பாடு. ஒற்றைப்படை வலம், இரட்டைப்படை இடம், சுழியம் நடுவில். இதைத் தமிழில் எடுத்துக்கொள்ளலாம். '3-12-2-த' என்றால் மூன்றாம் தளம், 12-ஆம் சட்டம், இடப்பக்கம், தங்குமறை. எல்லாப் படத்திலும் இதே குறியீடு வந்தால், இடம் மாறிய அறை உடனே அகப்பட்டுவிடும்.

படத்தின்மேல் பாகப்பெயரை நேரடியாக எழுதுவது தமிழில் கையைக் கடிக்கும். 'பக்கவாட்டு உந்தியின் எரிபொருள் நிறுத்து வால்வு' என்ற ஒரு பெயரே பெரிய இடத்தைப் பிடிக்கும். தமிழில் முக்கியச் சொல் கடைசியில் வருவதால், வரி உடையும்போது 'வால்வு' தனியாகக் கீழே தொங்கும். எண் போட்டு, பெயர்களை ஓரத்தில் பட்டியலாக வையுங்கள். மூக்கிலிருந்து தொடங்கி வலச்சுற்றாக எண்ணுங்கள். சுட்டுக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. பரப்பைச் சுட்டினால் முனையில் புள்ளி, விளிம்பைச் சுட்டினால் அம்பு. எண்களைக் கடைசி நாள்தான் போடுங்கள், நடுவில் ஒரு பம்பு சேர்ந்தால் அடுத்த எண்கள் எல்லாம் மாறும்.

எழுத்தளவு 7 புள்ளிக்குக் கீழே போனால் 'ண'வும் 'ன'வும், 'கீ'யும் 'கி'யும் பிசிறிக் கலங்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பை வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வரைகலை மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை. அச்சுக்குப் போகும் படியில் மட்டும் எழுத்தைப் பாதையாக மாற்றுங்கள், திருத்தக்கூடிய மூலப்படி ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு. கலைச்சொல்லில் சண்டை வேண்டாம்: ரேடியேட்டரா, வெப்ப உமிழியா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிப் பக்கம் வரை அதையே எழுதுங்கள்.

உரைநடை

கையேட்டின் குரல் பழுதுபார்ப்பவரிடம் பேசும் குரல். 'பிரமிப்பூட்டும்', 'ஈடிணையற்ற' போன்ற சொற்கள் விளம்பரத் துண்டுக்கு. இப்படி எழுதலாம்:

'இடச்சிறகுச் சுற்றில் அழுத்தம் இறங்கினால் முதலில் வால்வு வ-12-ஐ மூடவும். ஈர்ப்புத் தட்டுகளை நிறுத்தும் முன் மூன்றாம் தளத்தில் கட்டாத பொருள் ஏதும் இல்லை என்று உறுதிசெய்யவும். தகட்டின் வெப்பம் 320 கெல்வினுக்கு இறங்கும்வரை வெளிப்பணிக்குச் செல்லக்கூடாது.'

இதில் கதை இருக்கிறது, ஆனால் யாரும் கதை சொல்லவில்லை. எண்களில் போலித் துல்லியம் காட்டாதீர்கள். '17.324 மீ' என்று ஓரிடத்திலும் 'சுமார் 20 மீ' என்று இன்னோரிடத்திலும் வந்தால் இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள். எல்லா அளவும் ஒரே விரிதாளிலிருந்து வரட்டும். படத்தை மாற்றினால் முதலில் விரிதாளை மாற்றுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஓரத்தில் 3 மிமீ ப்ளீட் (பக்க ஓரத்தைத் தாண்டி நீட்டி வரைந்து, வெட்டும்போது போய்விடும் பகுதி), வண்ணப்படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), கறுப்புக் கோட்டுப்படத்துக்கு 1,200. மெல்லிய கோடுகளைச் சாம்பல் நிறத்தில் போட்டால் அச்சில் புள்ளி புள்ளியாக உடையும், 0.13 மிமீ கோடு முழுக் கறுப்பில் மட்டும். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு எல்லோருக்கும் பிடித்த அலங்காரம்தான், ஆனால் மை பரவி 0.25 மிமீக்குக் குறைந்த வெள்ளைக் கோட்டை மூடிவிடும். உண்மை அளவில் ஒரு பக்கத்தை அச்சிட்டு, பூதக்கண்ணாடி இல்லாமல், கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு தளப்படத்தையும் குறுக்குவெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறொருவரை விட்டு ஒவ்வோர் ஏணியிலும் விரலால் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். வரைந்தவர் கண்ணுக்கு அடைபட்ட ஏணி தெரியாது.